ஒரு குடும்பத்துக்கு ஒரே அட்டை

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து ஒன்றில், நூல் வியாபாரி ஒருவர் ஆசையாகக் கட்டி, வியாபாரம் நொடித்த பிறகு பூட்டிப் போட்டிருந்த மாடி வீடு ஒன்று இருந்தது. 1974-ஆம் வருஷம் தை மாதத்தில் அந்த வீட்டு முகப்பில் மூன்று பெயர்ப்பலகைகள் ஒரே நாளில் ஏறின. கத்தோலிக்கர்கள் நடத்திய புனித ரோக்கு நிவாரண சங்கம் ஒன்று. சீர்திருத்த சபைக்காரர்களின் நல்வழி மருத்துவ மிஷன் இன்னொன்று. மூன்றாவது, வெல்ல வியாபாரிகள் சேர்ந்து நடத்திய அருட்சோதி அன்னதான சங்கம். எந்தப் பலகை மேலே, எது கீழே என்று பேச்சு வந்து முகங்கள் கோணி, கடைசியில் மூன்றையும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது என்று முடிவாயிற்று. தச்சர் ரசமட்டம் வைத்து மூன்று தடவை பார்த்தார். அந்த வழியாகப் போன மூட்டைக்காரர் ஒருவர் சற்று நின்று பார்த்துவிட்டு, "அண்ணன் தம்பி பாகம் பிரிக்கறாங்க போல" என்று சொல்லிக்கொண்டே போனார். நடந்தது அதற்கு நேர்மாறான காரியம். கட்டடத்துக்கு ஐக்கிய இல்லம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சேர்ந்து குடியேறியதற்கு நல்ல காரணமும் இருந்தது. அதுவரை மூன்று பேரும் தனித்தனியாக உதவி செய்துகொண்டிருந்தார்கள். வாய் சாமர்த்தியம் உள்ளவர்கள் திங்கட்கிழமை ஓர் இடத்தில் பால் பவுடரும், புதன்கிழமை வேறு பெயரில் வேறு இடத்தில் கம்பளியும், வெள்ளிக்கிழமை நெற்றியில் திருநீற்றோடு மூன்றாவது இடத்தில் அரிசியும் வாங்கினார்கள். வாயில்லாதவர்கள் வரிசையின் கடைசியில் நின்று வெறும் பையோடு திரும்பினார்கள். வாங்கினவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனாலும் இதற்கு ஒரு வழி செய்யத்தான் வேண்டும் என்று மூன்று செயலாளர்களும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். நடுக்கூடத்தில் ஒரு தேக்குப் பெட்டி. அதில் உதவி கேட்டு வரும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அட்டை. அட்டையின் எண் போட்ட சீட்டு ஒன்று அந்தக் குடும்பத்தின் கையில். எந்த அமைப்பு அந்தக் குடும்பத்தை ஏற்கிறதோ அது அட்டையில் தன் முத்திரையைக் குத்தும். குத்திவிட்டால் மற்ற இருவரும் அந்தக் குடும்பத்தைத் தொடக் கூடாது. முத்திரையை மாற்ற வேண்டும் என்றால், குத்தியவர் தன் கையால் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அன்னாள் வந்தது கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டு. அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி ஆறாம் வருஷம், மலைப்பாதை வேலையில் பாறை சரிந்து புருஷன் போய்விட்டான். பிள்ளை இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டறையில் இருந்தாள். அண்ணி அவளை வேண்டாம் என்று சொன்னதில்லை, வேண்டும் என்றும் சொன்னதில்லை. கூடத்தில் வேலை கேட்டு நின்றிருந்த அந்தக் கால் மணி நேரத்திலேயே அவள், வரிசையில் இருந்த ஒரு கிழவியைக் காட்டி, "இவங்க முந்தாநாள் கோயில் வாசல்ல வேற பேரு சொல்லிக் கம்பளி வாங்கினாங்களே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மூன்று செயலாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்குமாறு வேறு ஆளுக்குப் போயிற்று. பெட்டியின் சாவி அன்னாளுக்கு வந்தது.

ஒரு தடவை பார்த்த முகம் அவளுக்கு மறக்காது. அதை ஒரு திறமை என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. இப்போது பங்குச் சாமியார் நின்று அவளிடம் விவரம் கேட்டார். மிஷன் டாக்டர் "அன்னாளைக் கேளுங்க" என்றார். மூவருக்கும் பொதுவான ஆள் என்பதால் அவளுக்கு லீவு கொடுக்கும் பொறுப்பு மற்றவருடையது என்று மூவருமே நினைத்துக்கொண்டார்கள். அதனால் முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் அவள் பெட்டியண்டைதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. தன்னால் ஒரு காரியம் ஒழுங்காக நடக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு அந்த வயதில்தான் கிடைத்தது. அது கிடைத்தவர்கள் கொஞ்சம் இரக்கம் குறைந்துபோவது உண்டு. அவளும் குறைந்தாள். கூடத்தில் அவள் குரல் உயர்ந்தால் மாடியில் கேட்கும். வேறு பெயரில் வருகிறவர்களை அவள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. எல்லாரும் பார்க்கத்தான் சொல்வாள், மற்றவர்களுக்கும் புத்தி வரட்டும் என்று.

1981 மார்கழியில் ஒரு நாள், அன்னதான சங்கத்து அரிசி வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். வயது முப்பதுக்குள் இருக்கும். தலையில் முக்காடு. சீட்டை நீட்டிய கையில், மணிக்கட்டுக்கு மேலே, மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையில் பட்ட பழைய தழும்பு இருந்தது. அன்னாள் சீட்டை வாங்காமல் அந்தக் கையையே பார்த்தாள்.

"உன் பேரு என்ன?"

"பாவாயிங்க."

"போன மாசம் மிஷன் வரிசையில சௌந்திரம்னு நின்னியே. காசநோய்க்கு மாத்திரை வாங்கிட்டுப் போனியே."

அந்தப் பெண் முக்காட்டை எடுத்துவிட்டாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத முகம். "சௌந்திரந்தானுங்க நானு. பாவாயி எங்க ஆத்தாளுங்க. மாசியில தவறிட்டாங்க. அவங்க சீட்டு ஊட்ல கெடந்துச்சுங்க."

"செத்தவங்க பேர்ல அரிசி வாங்க வந்தியா?"

"அந்த மாத்திரை வயித்த எரிக்குதுங்கக்கா. கஞ்சி குடிச்சுட்டுத்தான் திங்கோணும்னு டாக்டரு சொன்னாருங்க. ஊட்ல கஞ்சிக்கு இல்லீங்க."

நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காடு, கிணறு வற்றிப் போயிற்று, புருஷன் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார் என்று மெதுவாகச் சொன்னாள். நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண், நாற்பது பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டி வந்தது. அன்னதான சங்கத்துச் செயலாளர் மயில்சாமி இளகின மனசுக்காரர். "விடுங்கம்மா, ரெண்டு படி போட்டு அனுப்பலாம்" என்றார். அன்னாள் கேட்கவில்லை. இந்தக் குடும்பம் மிஷன் முத்திரை. அன்னதான சங்கம் தொட்டால் நாளைக்கு மிஷன்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அவள் சௌந்திரத்தைப் பெட்டியருகே கூப்பிட்டு, மூடியின் மேல் கையை வைக்கச் சொன்னாள்.

"இனி எந்த எடத்துலயும் ரெண்டாவதா கை நீட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. எங்க போயி வாங்கினாலும் எனக்குத் தெரிஞ்சிடும். அன்னிக்கே உன் பேரை வெட்டிடுவேன். அப்புறம் மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது."

சௌந்திரம் சத்தியம் செய்தாள். வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்தாள். ஒரு மாத மாத்திரையும் ஊசி மருந்தும் வாங்கிப் போவாள், ஊசியை ஊரில் ஒரு கம்பவுண்டர் போட்டுவிடுவார். ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிட்டால் சீக்கு அடியோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரும்போதெல்லாம் பெட்டிக்கு எதிரே நின்று "ஏனுங்கக்கா, சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வரிசைக்குப் போவாள். அன்று அத்தனை பேர் முன்னால் பட்ட அவமானத்தை அவள் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அன்னாளுக்கு அது முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு பிடித்துப் போயிற்று. பொய் பெயரில் வந்தவர்களைத் திட்டும்போது, "சௌந்திரத்தைப் பாருங்க, ஒரு தடவை சொன்னேன், அதோட சரி" என்பாள். உடம்பும் தேறி வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. பன்னிரண்டு மாதம் ஆனபோது, இன்னும் ஆறே மாதம் என்று இரண்டு பேருமே விரலை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

1982-இல் மழை பொய்த்தது. ஐப்பசி மழையும் வரவில்லை. ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய்த் துளை போட்டுப் புழுதியைக் கிளப்பிவிட்டுத் திரும்பின. ஐக்கிய இல்லத்து வரிசை சந்து முனை வரை நீண்டது. மூன்று அமைப்புகளும் டிசம்பரில் கூடிப் பேசி, ஒரே வேலையை இருவர் செய்யாமல் பிரித்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். காசநோய் வேலை முழுவதும் மிஷனிடமிருந்து ரோக்கு சங்கத்துக்கு. அரிசி வேலை முழுவதும் அன்னதான சங்கத்துக்கு. மிஷன் கண் வைத்தியத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். நல்ல தீர்மானம்தான். மிஷன் தீர்மானத்துக்கு மரியாதை கொடுத்து, டிசம்பரோடு காசநோய் மருந்து வாங்குவதை நிறுத்தியது. ரோக்கு சங்கம் மருந்தை வரவழைத்து அலமாரியில் அடுக்கியது. பாக்கி இருந்தது ஒன்றுதான். அறுபத்து மூன்று அட்டைகளில் இருந்த மிஷன் முத்திரையை அடித்து மிஷன் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானம் முடிந்த கையோடு அவர் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். பெங்களூரில் ஒரு மாநாடு, அங்கிருந்தே வெளிநாடு. வேறு வேறு வழிபாட்டுக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒற்றுமையாக வேலை செய்கிறார்கள் என்பதைப் பேசுவதற்கு அவரை அழைத்திருந்தார்கள். சித்திரைக்குத்தான் வருவார் என்றார்கள்.

ஜனவரியில் சௌந்திரம் வந்தாள். மிஷன் குமாஸ்தா, மருந்து இங்கே இல்லை, எதிர் அறைக்குப் போங்கள் என்றார். எதிர் அறையில், அட்டையில் இன்னும் மிஷன் முத்திரை இருக்கிறதே என்றார்கள். அவள் பெட்டியண்டை வந்து நின்றாள்.

"கொஞ்சம் பொறு சௌந்திரம். கையெழுத்து ஒண்ணு பாக்கி. சீக்கிரம் ஆயிடும்."

"சரிங்கக்கா."

பிப்ரவரியில் வந்தபோது நடையில் தளர்ச்சி தெரிந்தது. பேசும்போது வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "மறுக்காவும் இருமலு வருதுங்க. நேத்து சளியில ரத்தம் பாத்தனுங்க" என்றாள். அன்னாள் அவளை உட்கார வைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள். ரோக்கு சங்கத்துச் செயலாளர் சவரிராயன் கெட்ட மனிதர் இல்லை. ஏழை பாழைகளுக்காக வெயிலில் அலைந்து கறுத்தவர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அலமாரியில மருந்து இருக்குது அன்னாள், எனக்குத் தெரியாதா? ஆனா அவங்க இல்லாத நேரத்துல அவங்க முத்திரை மேல நாம முத்திரை குத்தினா என்ன ஆகும்? ஆளைப் புடுங்கிக்கிட்டோம்னு பேச்சு வரும். ஒம்பது வருஷமா கட்டிக் காப்பாத்தின உறவு. சித்திரை வரைக்கும் பொறுக்கச் சொல்லும்மா."

அன்னாள் இறங்கி வந்து அதையே சொன்னாள். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒருவர் அட்டையை மற்றவர் தொடாமல் இருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் மரியாதை. அந்த மரியாதையைக் காப்பதுதான் அவள் வேலை. உன் ஊருக்குப் பக்கத்திலேயே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதே மாத்திரையை அங்கே சும்மா தருகிறார்கள், அதுவரை அங்கே வாங்கிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தோன்றவே இல்லை. மற்ற அறுபத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் தாங்களாகவே அங்கே போய்விட்டார்கள். பெட்டிக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அன்னாள் பார்ப்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது.

மார்ச்சில் சௌந்திரம் வரவில்லை. ஊர்ப் பக்கம் வேலை இருக்கும் என்று அன்னாள் நினைத்துக்கொண்டாள்.

சித்திரையில் மிஷன் செயலாளர் வந்தார். மாலை போட்டார்கள். அவர் கொண்டுவந்திருந்த படங்களைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். அன்று மத்தியானமே உட்கார்ந்து அறுபத்து மூன்று அட்டையிலும் முத்திரையை அடித்துக் கையெழுத்துப் போட்டார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரோக்கு சங்கத்து முத்திரை விழுந்த அட்டைகளை அன்னாள் ஈரம் காய வரிசையாகப் பரப்பி வைத்தாள். சௌந்திரத்தின் அட்டையை மட்டும் தனியாக மேலே எடுத்து வைத்தாள், வந்ததும் முதலில் மருந்து வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று.

வந்தது அவள் புருஷன். வைகாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், காலை பத்து மணி. நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசற்படிக்குக் கீழேயே செருப்பை விட்டுவிட்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, பெட்டிக்கார அம்மா நீங்கதானுங்களா? நான் ராசப்பனுங்க. சௌந்திரத்தோட ஊட்டுக்காரன்."

"அவ வரலீங்களா? கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு. மருந்து எடுத்துட்டுப் போயிடலாம்."

"அவ போயிட்டாளுங்க. பங்குனி கடசியில. ஒரு சொம்பு ரத்தம் எடுத்தாளுங்க, அதோட சரி."

அன்னாள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. குரலை உயர்த்தாமல், யாரோ மூன்றாம் மனிதர் வீட்டில் நடந்ததைப் போலச் சொன்னார்.

"கம்பவுண்டரு சொன்னாருங்க, சர்க்கார் ஆஸ்பத்திரியில இதே மாத்தரைதான், போயி வாங்கியாங்கன்னு. நானும் எத்தனையோ தடவ கூப்புட்டனுங்க. அவ ஒரே புடியா வரமாட்டேனுட்டா. அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன், ரெண்டாவது எடத்துல வாங்குனது தெரிஞ்சா பேரை வெட்டிருவாங்க, பன்னண்டு மாசம் தின்னது வீணாப் போயிரும், அக்கா பொறுக்கச் சொல்லியிருக்கறாங்க, கையெழுத்து வந்துரும்னு. கடசி வரைக்கும் அதையேதானுங்க சொன்னா."

கூடத்தில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

"உங்ககிட்டச் சண்டைக்கு வரலீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க. நான் அவளக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருந்தா, நெசமாலுமே பேரை வெட்டியிருப்பீங்களா?"

அவர் முகத்தை அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். கண் இடுங்கி, பல நாள் தூங்காத முகம். எந்தப் பதில் வேண்டும் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. இல்லை என்று சொன்னால், கட்டியவளைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமல் விட்டோம் என்ற நினைப்போடு இந்த மனிதர் ஊர் திரும்ப வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் இந்தப் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே வாங்கியதற்காக ஒருவர் பேரும் வெட்டப்பட்டதில்லை. ஒன்பது வருஷமாக அடுத்தவர் பொய்யைப் பிடித்தே பேர் வாங்கின அன்னாள் பொய் சொன்னாள்.

"ஆமாங்க. வெட்டியிருப்போம்."

ராசப்பன் மெதுவாகத் தலையை ஆட்டினார். தோள் இறங்கியது. "அப்பச் சரிங்க. அவ சொன்னதுதான் சரி" என்றார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, "வாரனுங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அன்னாள் மூன்று செயலாளர்களிடமும் நடந்ததைச் சொன்னாள். மூவருக்கும் உண்மையாகவே வருத்தம்தான். மயில்சாமி கண் கலங்கினார். கூடத்தில் கூட்டுப் பிரார்த்தனை வைத்து, மூன்று முறையிலும் சௌந்திரத்தின் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்டார்கள். தீர்மானத்தில் பிசகில்லை, மருந்து வரத்திலும் பிசகில்லை, அன்னாள் மேலும் ஒரு தப்பும் இல்லை என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். பலகை மாட்டிய நாளிலிருந்து மூவரும் கொஞ்சம்கூட வாக்குவாதம் இல்லாமல் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். கேட்டுக்கொண்டிருந்த அன்னாள் எழுந்து போய்ப் பெட்டியைப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பொய் சொன்னேன் சாமி என்றாள். எதற்காக என்று கேட்டு, துக்கத்தில் இருந்தவனை ஆற்றுவதற்குச் சொன்னது பெரிய பாவம் ஆகாது, அருள்நிறை மந்திரம் மூன்று சொல் என்றார் சாமியார். முப்பது சொன்னாள். ஆனாலும் மனசு அடங்கவில்லை. அந்தப் பொய்யை ராசப்பனுக்காகத்தான் சொன்னாளா, அல்லது அவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லப் பயந்து சொன்னாளா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

ஆடியில் ரோக்கு சங்கத்துக்கு வரவேண்டிய மருந்து லாரி ஒரு வாரம் தாமதம் ஆயிற்று. ராசப்பனின் ஊரிலிருந்து தங்கமுத்து என்ற பெரியவர் வந்திருந்தார். அவருக்கும் காசநோய். நெஞ்சு உள்ளே ஒட்டியிருந்தது. அன்னாள் இப்போது வேறு ஆள். தானே எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"இன்னும் ஒரு வாரம் ஆகுங்க. அதுக்காக மருந்தை நிறுத்த வேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரியில வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டே இருங்க."

பெரியவர் பதறிப்போனார். "அதாகாதுங்க சாமி. ராசப்பன் உங்களையே நேர்ல கேட்டுட்டு வந்து ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டானே. ரெண்டாவது எடத்துல வாங்குனா பேரை வெட்டிருவீங்கன்னு. இந்தச் சீக்குக்காரங்க எங்கூர்ல அஞ்சு பேருங்க. அஞ்சு பேருமே ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்லீங்க."

"அது தப்புங்கய்யா. அப்படி ஒரு சட்டமே இல்ல. தாராளமா வாங்கலாம்."

தங்கமுத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். பல் போன வாயில் தந்திரமான சிரிப்பு. "சோதிச்சுப் பாக்கறீங்க. தெரியுமுங்க எனக்கு. உங்க கண்ணுக்குத் தப்ப முடியாதுன்னு சொல்லித்தானுங்க அனுப்பிச்சாங்க."

எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. ஒரு வாரம் பொறுத்துக்கொள்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு, படியில் இரண்டு தடவை உட்கார்ந்து இருமிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த ஊரில் இனி அவள் பேச்சு எடுபடாது. ராசப்பன் சொன்னால்தான் கேட்பார்கள். ராசப்பன் சொல்ல வேண்டுமானால் ராசப்பனுக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் அவள் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சவரிராயன் மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். ஒன்பது வருஷத்தில் அவளாக எடுத்த முதல் லீவு. ராசிபுரத்தில் மாறி, நாமகிரிப்பேட்டையில் இறங்கி, கேட்டுக் கேட்டு மூன்று மைல் நடந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. போன வாரம் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. காட்டில் ராசப்பன் விதைமஞ்சள் ஊன்றிக்கொண்டிருந்தார். துணைக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர். வரப்பில் தங்கமுத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா, வாங்க" என்று ராசப்பன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "இத்தனை தூரம் வந்திருக்கறீங்க. ஊட்டுக்குப் போலாம், மோரு குடிங்க."

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தனியாகச் சொன்னால் தங்கமுத்து நம்ப மாட்டார். நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"ராசப்பண்ணா, அன்னிக்கு உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். பேரை வெட்டியிருக்க மாட்டோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில யாரு வேணும்னாலும் வாங்கலாம். சௌந்திரத்துகிட்ட நான்தான் பெரிய அதிகாரி மாதிரி மிரட்டி வச்சேன். அவ நம்பிட்டா."

மற்றவர்கள் ஊன்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப, நான் கூட்டிட்டுப் போயிருந்தா?"

"கூட்டிட்டுப் போயிருக்கலாங்க."

"பொழச்சிருப்பாளுங்களா?"

அன்னாளுக்கு இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். "பொழச்சிருக்கலாம்" என்றாள்.

"இத எதுக்குங்க இப்ப வந்து சொல்றீங்க? நான் ஒரு மாதிரி மனசத் தேத்திக்கிட்டு இருந்தனுங்களே."

"இவங்க அஞ்சு பேரும் உங்க பேச்சை நம்பி மருந்து இல்லாம உக்காந்திருக்காங்க. நீங்க சொன்னாத்தான் போவாங்க."

ராசப்பன் திரும்பி வரப்பில் இருந்த பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். தனியாக இருந்தால் அந்த மனிதர் அழுதிருப்பார், அல்லது அவளை அடித்தேகூட இருப்பார். அடித்திருந்தால் அன்னாள் வாங்கிக்கொண்டிருப்பாள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், மழை ஈரம் காய்வதற்குள் ஊன்ற வேண்டிய மஞ்சளும் இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கமுத்துவிடம் சொன்னார்.

"மாமா, காத்தாலைக்கு உங்க வண்டி வேணுமுங்க. மத்த நாலு பேர்த்தையும் வரச் சொல்லிப்போடுங்க. ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கிட்டு வாரேன்."

பிறகு அன்னாள் பக்கம் திரும்பினார். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார்.

"அன்னிக்கும் மாமன் வண்டிதானுங்க. மாட்டப் பூட்டி, வைக்கோல் பரப்பி, வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருந்தேன். வேண்டாம்னு அவ கையெடுத்துக் கும்பிட்டா. நான்தானுங்க மாட்ட அவுத்து உட்டேன்."